தொலைந்த ஏடுகளுக்கு ஓர் அரங்கு

பெரியநாயக்கன்பாளையம் ஜமாஅத்தின் மீலாது கண்காட்சிக்கு வருகிறவர்கள் முதலில் நூஹ் நபியின் கப்பலைத்தான் பார்ப்பார்கள். வார்ப்புப் பட்டறைகளில் மர அச்சு செய்கிற இளைஞர்கள் சேர்ந்து செய்த கப்பல் அது. உருவங்களை மார்க்கம் விரும்பாது என்பதால், அதில் விலங்குப் பொம்மைகள் வைக்கலாமா கூடாதா என்று ஆண்டுதோறும் விவாதம் நடக்கும். முடிவு எட்டப்படாததால், கதவு சாத்திய கப்பலாகவே ஆண்டுதோறும் அது மண்டபத்துக்கு வந்து சேரும். அடுத்த கூட்டம் மக்காவின் ஜம்ஜம் கிணறு போலச் செய்த கிணற்றுக்கு. மோட்டார் பம்பு செய்கிற ஊர் என்பதால் அந்தக் கிணற்றில் தண்ணீர் நிஜமாகவே பொங்கும். ஒரு முறை அழுத்தம் கூடிப்போய், திறந்து வைக்க வந்த விருந்தினரின் சட்டையை நனைத்ததும் உண்டு.

பெண்களுக்கு மண்டபத்துக்கு வெளியே பந்தல் போட்டுக் கொடுப்பார்கள். அங்கே சமோசாவும் ரோஸ் மில்க்கும் விற்கும்.

சபீஹாவுக்கு அந்தப் பந்தல் பிடிக்கவில்லை. தனியார் பள்ளியில் அறிவியல் ஆசிரியை அவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பள்ளிவாசலை ஒட்டிய அறையில் பெண்பிள்ளைகளுக்கு மார்க்க வகுப்பு எடுத்தாள். அந்தப் பிள்ளைகள் போன ஆண்டு மாவு பிசைந்துகொண்டே அவளிடம் கேட்டார்கள்: வருஷம் முழுக்க நபிமார் வரலாறு படிக்கிறோம், கண்காட்சி வந்தால் மட்டும் ஏன் மிஸ் வெளியே உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறோம்? அதனால் இந்த ஆண்டு குழுக் கூட்டத்துக்குப் போய், மண்டபத்துக்குள் ஓர் அரங்கு வேண்டும் என்று கேட்டாள்.

ஜமாஅத் செயலாளர் கலீல் ரஹ்மான் லேத் பட்டறை வைத்திருப்பவர். எதையும் அளந்து பார்த்துத்தான் பேசுவார். தலைப்பு என்ன என்று கேட்டார். தொலைந்துபோன வேதங்கள் என்றாள் சபீஹா.

இறைவன் அனுப்பிய வேதங்களை நம்புவது ஈமானில், அதாவது இறைநம்பிக்கையில், ஒரு பகுதி. அது எல்லோருக்கும் தெரியும். தவ்ராத், ஸபூர், இன்ஜீல், குர்ஆன் என்று நான்கின் பெயரைக் குழந்தைகூடச் சொல்லும். ஆனால் அவற்றுக்கு முன்னால் இப்ராஹீம் நபிக்கும் ஏடுகள் அருளப்பட்டன. குர்ஆனே அவற்றைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அவற்றில் ஒரு வரிகூட இன்று யார் கையிலும் இல்லை. கையில் இல்லாத ஒன்றை நம்பும்படி நம்மிடம் சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் பற்றி ஏன் யாரும் ஓர் அரங்கு வைத்ததில்லை என்று கேட்டாள்.

கலீல் ரஹ்மான் யோசித்தார். "அதெல்லாம் சரிம்மா. இல்லாததை எப்படிக் காட்டுவே?"

"இல்லைங்கறதையேதான் காட்டப் போறேனுங்க பாய்."

பத்து வெள்ளைச் சுருள்கள். எட்டடி நீளம், மூன்றடி அகலம். எதிலும் ஒரு புள்ளிகூட இருக்காது. அவ்வளவுதான் அவள் திட்டம். பத்து என்பது இப்ராஹீம் நபியின் ஏடுகளைப் பற்றிய ஒரு பழைய ஹதீஸ் அறிவிப்பில் வரும் எண்ணிக்கை. அது உறுதியானது அல்ல என்று பள்ளிவாசல் இமாமாகிய ஹஜ்ரத் சொல்லியிருந்தார், அதையும் பிள்ளைகள் பார்வையாளர்களிடம் சொல்லிவிடுவார்கள். அந்த ஏடுகளில் என்ன இருந்தது என்று குர்ஆன் சொல்கிற சிறு பகுதியை மட்டும் ஒரு தாளில் எழுதி வைப்பார்கள்.

குழுவில் இரண்டு பேர் சிரித்தார்கள். பிரிண்ட் ஆகாத பேனரை மாட்டிவிட்டதாக ஜனம் நினைக்கும் என்றார் ஒருவர். கலீல் ரஹ்மான் சிரிக்கவில்லை. கை கழுவும் இடத்துக்குப் பக்கத்து மூலையைக் கொடுத்தார். கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார். அரங்கில் ஆள் நின்றால் அடுத்த வருஷமும் பெண்பிள்ளைகளுக்கு உள்ளே இடம். நிற்காவிட்டால் பழையபடி பந்தல்.

ஃப்ளெக்ஸ் அடிப்பவன் அருள்குமார். அன்னூர்க்காரன், மேட்டுப்பாளையம் ரோட்டில் கடை போட்டிருப்பவன்; கல்யாணம், காதுகுத்து, கோயில் கும்பாபிஷேகம், கட்சிக் கூட்டம் என்று சுற்று வட்டாரத்தில் எதற்கும் அவன்தான் பேனர். சபீஹா போய்ச் சொன்னபோது அவன் இரண்டு முறை திருப்பிக் கேட்டான். வெள்ளையாகவேவா? வெள்ளையாகவே. அடியில் அன்புடன் வரவேற்கும் நல்ல உள்ளங்கள் என்று பேர் போட வேண்டாமா?

"பேரெல்லாம் வேண்டாங்க," என்றாள் சபீஹா.

அங்கேதான் தவறு நடந்தது. அந்த ஊரில் விருந்தாளி காப்பி வேண்டாங்க என்றால் அதற்கு யாரும் வேண்டாம் என்று அர்த்தம் எடுத்துக்கொள்வதில்லை. இன்னும் ஒரு தடவை கேளுங்கள் என்பதாகவே எடுத்துக்கொள்வார்கள். இரண்டாவது முறையும் வேண்டாங்க என்றால், கேட்காமலே டம்ளரில் ஊற்றிக் கையில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால் அந்த வீட்டைப் பற்றி உறவில் பேச்சு வரும். அருள்குமார் அப்படி வளர்ந்தவன். டீச்சர் கூச்சப்பட்டுக்கொண்டு வேண்டாங்க என்கிறார் என்றுதான் அவனுக்குத் தோன்றியது.

போதாததற்கு, பேரில்லாத பேனர் அடிக்கிற செய்தி வெளியே போய்விட்டது. முதலில் வந்தவர் திருமலைசாமி நாயுடு. பம்பு செய்கிற கம்பெனி வைத்திருப்பவர்; ஜம்ஜம் கிணற்றுக்கு வருஷா வருஷம் மோட்டார் கொடுப்பவர் அவர்தான். விசேஷத்துக்கு அழைத்துவிட்டு ஃப்ளெக்ஸில் பேர் போடாமல் விட்டால் அழைக்காத மாதிரிதானே என்று அருள்குமாரிடம் வருத்தப்பட்டார். மாவு மில் வைத்திருக்கிற மாரியாத்தாள் ஆள் விட்டனுப்பினார். பேக்கரிக்காரர் வந்தார், டிராவல்ஸ்காரர் வந்தார். எல்லோரும் தங்கள் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். பத்து பேர் சேர்ந்ததும் அருள்குமாருக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஆளுக்கு ஒரு சுருள்.

கண்காட்சி தொடங்குகிற நாள் காலையில் ஆட்டோவில் சுருள்கள் வந்து இறங்கின. சபீஹாவும் பிள்ளைகளும் முதல் சுருளை விரித்தார்கள். எட்டடி உயரத்துக்குத் திருமலைசாமி நாயுடு கைகூப்பி நின்றார். பின்னணியில் நீலவானம், காலடியில் ரோஜாப் பூக்கள். இரண்டாவதில் மாரியாத்தாள், அவருக்குப் பின்னால் அவருடைய மாவு மில். பத்தையும் விரித்து முடித்தபோது மண்டபத் தரை முழுக்க ஊர்க்காரர்கள் மல்லாந்து படுத்துக்கொண்டு சிரித்தார்கள்.

பிள்ளைகளில் ஒருத்தி அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சபீஹாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நபியின் ஏடுகள் இருக்க வேண்டிய இடத்தில் உருவப்படங்கள். திறப்பு பதினொரு மணிக்கு. வேறு அடிக்க நேரமில்லை. அதைவிடச் சங்கடம் ஒன்றை அருள்குமாரே சொன்னான்: பத்துப் பேரும் குடும்பத்தோடு கிளம்பி வந்துகொண்டிருக்கிறார்கள், தங்கள் படத்தைப் பார்க்க. மாட்டினால் கலீல் ரஹ்மான் அரங்கை மூடிவிடுவார். மாட்டாமல் சுருட்டி வைத்தால், ஆசையாக வருகிற பத்துக் குடும்பங்கள் முகம் சுருங்கித் திரும்பிப் போகும். மேற்கொண்டு ஜமாஅத்துக்கும் அவர்களுக்கும் இடையில் ஒரு வருத்தம் உண்டாகும்.

"நீங்க வேண்டாங்கன்னு சொன்னது நெசமாவே வேண்டாம்னுதானுங்களா டீச்சர்?" என்று கேட்டான் அருள்குமார்.

"நெசமாவேதாங்க."

"தெரியாம பண்ணிப்போட்டேனுங்க."

அவள் குனிந்து கடைசிச் சுருளின் ஓரத்தைப் புரட்டினாள். சும்மா, கைக்கு ஏதாவது வேலை வேண்டும் என்றுதான் புரட்டினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது. அவள் கேட்ட அதே வெள்ளை, எட்டடிக்கு மூன்றடி, ஒரு புள்ளி இல்லாமல்.

சுருளை முழுக்கக் கவிழ்த்துப் போட்டாள். பிறகு பிள்ளைகளை அழைத்து, தரையில் சாக்பீஸால் ஒரு பெரிய வட்டம் போடச் சொன்னாள்.

கலீல் ரஹ்மான் வந்தபோது, ஜம்ஜம் கிணற்றுக்கென்று திருமலைசாமியின் கம்பெனியிலிருந்து வந்து மீந்த பிளாஸ்டிக் குழாய்களை அருள்குமார் சட்டமாகக் கட்டிக்கொண்டிருந்தான். பத்து ஃப்ளெக்ஸும் வட்டமாக நிற்கும். படங்கள் வெளியே பார்க்கும், வெள்ளைப் பக்கம் உள்ளே பார்க்கும். இரண்டு ஃப்ளெக்ஸுக்கு நடுவில் ஓர் ஆள் நுழைகிற அளவு வழி. கலீல் ரஹ்மான் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். ஒவ்வொரு படத்துக்கும் முன்னால் நின்று பார்த்தார். அந்தப் பத்துப் பேரும் அவருக்குப் பழக்கமானவர்கள்தான். அதுதான் அவருக்குச் சிரமமாக இருந்தது.

"நபியோட ஏட்டுக்கு முதுகுல நாயுடுகாரு கும்பிட்டுட்டு நிக்கறாரு. இது அடுக்குமாம்மா?"

"இது ஏடு இல்லைங்க பாய்," என்றாள் சபீஹா. "ஏடு நம்ம யார்கிட்டயும் இல்லை. இருந்திருந்தா இப்படிச் செய்வேனுங்களா? இது வெறும் ஃப்ளெக்ஸ். இதுல எதுவும் இல்லைன்னு காட்டத்தானே வெச்சிருக்கறேன்."

கலீல் ரஹ்மான் ஹஜ்ரத்துக்கு ஆள் அனுப்பினார். ஹஜ்ரத் வந்தார், வெளியே பார்த்தார், உள்ளே போய் நின்று நாலாபக்கமும் திரும்பிப் பார்த்தார். இரண்டு விஷயம் சொன்னார். குர்ஆன் வசனத்தின் கருத்து எழுதிய தாள் இந்த ஃப்ளெக்ஸ் எதிலும் ஒட்டக் கூடாது, நடுவில் தனியாக ஒரு பலகையில் இருக்க வேண்டும். அடுத்தது, படம் உள்பக்கம் தெரியக் கூடாது. ஆனால் தெரிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் நாயுடுவின் மீசை நிழலாக உள்பக்கம் விழுந்திருந்தது.

இந்த இடத்தில் அருள்குமாருக்கு உயிர் வந்தது. வெளிச்சம் வெளியிலிருந்து வந்தால்தான் படம் உள்ளே தெரியும், உள்ளேயிருந்து அடித்தால் தெரியாது என்றான். கடைக்கு ஓடிப்போய் நான்கு டியூப் லைட் கொண்டுவந்தான். அந்தப் பக்கத்து ஜன்னல்களுக்குத் திரை போட்டார்கள். ஒரு பக்கச் சட்டம் தாழ்ந்திருந்ததால் அதைத் தூக்கிக் கட்ட வேண்டியிருந்தது, ஆள் போதவில்லை. கலீல் ரஹ்மான் சட்டையின் கையை மடித்துவிட்டு ஒரு முனையைப் பிடித்தார். நடுவில் இருந்த பலகையில் பிள்ளைகள் அப்போதுதான் தாளை வைத்திருந்தார்கள். ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார், மனிதனுக்கு அவன் முயன்றதுதான் கிடைக்கும் என்பது இப்ராஹீம் நபியின் ஏடுகளிலும் மூஸா நபியின் ஏடுகளிலும் இருந்த செய்தி என்று குர்ஆன் சொல்வதாக அதில் எழுதியிருந்தது. கலீல் ரஹ்மான் குழாயைத் தோளில் வைத்துக்கொண்டே அதைப் படித்தார்.

"ஃப்ரேமைச் சுமக்கலாம்ல?" என்று ஹஜ்ரத்தைக் கேட்டார்.

"அது பாவச்சுமையைச் சொல்றது. நீங்க பிடிங்க," என்றார் ஹஜ்ரத்.

விளக்கு எரிந்ததும் உள்ளே மீசை மறைந்தது. வெளியே வேறொன்று நடந்தது. பின்னாலிருந்து வெளிச்சம் வந்ததால் பத்து முகங்களும் கடைவீதியின் விளக்குப் பலகைகள் மாதிரி பளபளவென்று எரிந்தன.

திறப்பு விழா முடிந்தவுடன் கூட்டம் வழக்கம்போலக் கப்பலை நோக்கிப் போயிற்று. அதில் பாதி வழியிலேயே திரும்பியது. கை கழுவும் மூலையில் நாயுடு எரிந்துகொண்டிருந்தார். அவருக்குப் பக்கத்தில் மாரியாத்தாள், அவருக்குப் பக்கத்தில் பேக்கரிக்காரர். தெரிந்த முகத்தைத் தேடி ஆட்கள் வட்டத்தைச் சுற்றினார்கள், செல்ஃபி எடுத்தார்கள். நிஜமான பேக்கரிக்காரர் தன் படத்துக்கு அருகில் படத்தில் நிற்கிற மாதிரியே கைகூப்பி நின்றார். சுற்றி வந்தவர்கள் எல்லோருக்கும் கடைசியில் ஒரே சந்தேகம்தான் வந்தது: உள்ளே என்ன இருக்கிறது? இடைவெளியில் தலையை நுழைத்தார்கள்.

உள்ளே ஒன்றும் இல்லை. சுற்றிலும் வெள்ளை. நடுவில் ஒரு பலகை, அதன்மேல் ஒரு தாள். வெளியே அவ்வளவு சத்தம் இருந்தும் உள்ளே வந்தவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். தாழ்த்தும்படி யாரும் சொல்லவில்லை. ஒரு பிள்ளை முன்னால் வந்து, இந்த ஏடுகள் இருந்தன என்று நம்புகிறோம், அவை இன்று இல்லை, அதனால் இதில் நாங்கள் எதையும் எழுதவில்லை என்று சொல்வாள். சொல்லி முடித்த பிறகும் ஆட்கள் உடனே வெளியேறவில்லை. வெள்ளையில் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

கையெழுத்துப் போடுகிற இடம் என்று நினைத்து பேனா எடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்களைத் தடுக்கும் பொறுப்பை அருள்குமார் தானாக எடுத்துக்கொண்டான். வெள்ளை இடம் கிடைத்தால் பேர் போட்டே பழகியவன், அன்று முழுக்க யாரும் எதுவும் எழுதாமல் காவல் நின்றான். "எழுதாதீங்கண்ணா, வெள்ளையா இருக்கறதுதானுங்க டிசைனே," என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் திருமலைசாமி நாயுடு மனைவி பங்காரம்மாவோடு வந்தார். தன் படத்தைக் கொஞ்சம் தூரத்தில் இருந்தும் கொஞ்சம் பக்கத்தில் இருந்தும் பார்த்துவிட்டு, பெருமையை மறைத்துக்கொண்டு, மீசை சரியாக விழவில்லை என்றார். பிறகு இருவரும் உள்ளே நுழைந்தார்கள். நாயுடு தன் படத்தின் பின்பக்கம் எதுவென்று கண்டுபிடித்து அதன் முன்னால் போய் நின்றார்.

"இந்தப் பக்கம் எப்ப அடிப்பீங்க அம்மணி?" என்று சபீஹாவைக் கேட்டார்.

அடிக்க மாட்டோம் என்று சொல்லி, அவளே விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார். தொழில் செய்கிறவர், கேட்டு முடித்ததும் நேரே விஷயத்துக்கு வந்தார். கையில் இல்லை, பார்த்தவர் இல்லை, ஒரு நகல்கூட இல்லை. டிராயிங் தொலைந்துபோன மோட்டாரை யாராவது உண்டு என்று நம்புவார்களா?

அவரைச் சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் சபீஹாவைப் பார்த்தார்கள். கலீல் ரஹ்மானும் இடைவெளியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். சபீஹா பதில் யோசித்து வைத்திருந்தாள்: இருந்தது என்று சொன்ன இறைவனை நம்புகிறோம், அதனால் இருந்ததையும் நம்புகிறோம். ஆனால் அவள் சொல்வதற்கு முன் பங்காரம்மா பேசிவிட்டார்.

"ஏனுங்க, நம்ம கல்யாணக் கேசட் என்ன ஆச்சுங்க?"

"எந்தக் கேசட்?"

"பீரோவுல வெச்சுப் பூஞ்சை புடிச்சுப் போச்சே, அதுதான். ஆல்பமும் மழையில நனைஞ்சு ஒட்டிக்கிச்சு. அதுக்காக நமக்குக் கல்யாணமே ஆகலைன்னு ஆயிருமா?"

நாயுடு மனைவியைப் பார்த்தார், வெள்ளையைப் பார்த்தார். "அப்படி ஒரு வழி இருக்குதுன்னு எனக்கு இத்தனை நாளாத் தெரியலையே," என்றார்.

வட்டத்துக்குள் இருந்தவர்கள் சிரித்த சத்தம் கப்பல் வரைக்கும் கேட்டது. பங்காரம்மாவும் சிரித்தார். சிரித்து முடித்ததும் சபீஹாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்ல வந்தது அதுதானே கண்ணு?" என்று கேட்டார். கிட்டத்தட்ட அதுதான் என்றாள் சபீஹா. அதற்குப் பிறகு, தான் யோசித்து வைத்திருந்ததையும் சொன்னாள். பங்காரம்மா தலையாட்டினார். நாயுடு பலகைக்குப் போய்த் தாளை ஒரு முறை படித்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு இன்னொரு முறை படித்தார்.

மறுநாள் கேசட் கதை ஊர் முழுக்கப் பரவிவிட்டது. அதைக் கேட்டுவிட்டு, அன்னூரிலிருந்தெல்லாம் கேசட் தொலைத்த தம்பதிகள் வந்தார்கள். சமோசாவுக்கு இந்த ஆண்டு ஆள் வைத்துப் பொரிக்க வேண்டியிருந்தது; பிள்ளைகள் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். கப்பல் செய்த இளைஞர்களில் இருவர், கப்பலுக்கு முன்னால் ஆளில்லாததால், வந்து வட்டத்துக்குள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அடுத்த வருஷம் கப்பலுக்கும் பின்னாலிருந்து லைட் அடிக்கலாமா என்று அருள்குமாரைக் கேட்டார்கள்.

கடைசி நாள் கூட்டம் கலைகிற நேரத்தில் கலீல் ரஹ்மான் சபீஹாவிடம் வந்தார். சொன்ன சொல்லை மறக்காதவர். அடுத்த வருஷம் எந்த இடம் வேண்டும் என்று கேட்டார்.

உங்க இஷ்டம் எப்படியோ அப்படிங்க என்பது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பிறந்த ஊரின் வழக்கம் அப்படி. அதைச் சொன்னால் என்ன ஆகும் என்றும் அவளுக்குத் தெரியும். கலீல் ரஹ்மானுக்கு இஷ்டமான இடம் கை கழுவும் மூலைதான். பிள்ளைகள் பலகையை மடிப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச தூரத்தில் அருள்குமாரும் குழாய்க் கட்டை அவிழ்க்காமல் நின்றான். வேண்டாங்க என்று சொல்லி இந்த ஒரு வாரத்தில் பட்டது போதும் என்று அவளுக்குத் தோன்றியது.

"கப்பல் நிக்குதுங்களே, அந்த இடம் வேணுங்க பாய்," என்றாள்.

கலீல் ரஹ்மான் திரும்பிக் கப்பலைப் பார்த்தார். மேடைக்கு எதிரில், மண்டபத்தின் நடு இடம். வந்தவுடன் கண்ணில் படுவது அதுதான்.

"அப்பக் கப்பலை எங்கம்மா நிறுத்தறது?"

சபீஹாவின் வகுப்புப் பிள்ளைகளில் ஒருத்தி, போன ஆண்டு மாவு பிசைந்தவள், மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: "வெளிய பந்தல்ல இடம் காலியாத்தானுங்க இருக்குது. அண்ணனுங்க சமோசாவும் வித்துக்கலாமுங்க."

கலீல் ரஹ்மான் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு கப்பல்காரர்களிடம் நடந்து போனார். அவர் பேசுவது இவர்களுக்குக் கேட்கவில்லை. அவர் கை வாசல் பக்கம் நீண்டது மட்டும் தெரிந்தது. இளைஞர்களில் ஒருவன் கப்பலின் உயரத்தைப் பார்த்தான், வாசலின் உயரத்தைப் பார்த்தான், பிறகு பந்தலைப் பார்த்தான். கலீல் ரஹ்மான் சட்டைப் பையிலிருந்து அளவு டேப்பை எடுத்து, ஒரு முனையை அவன் கையில் கொடுத்தார்.